கேரியரில் அமர்ந்தவர்: தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகரில் மிதிவண்டிப் பயணியர் காயங்களும் நீள்காலப் பராமரிப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து தென்சென்னைப் புறநகரின் அன்றாடப் போக்குவரத்தைத் தாங்கிய ஊர்தி மிதிவண்டியாகும். அதன் வரலாறு பெரும்பாலும் ஓட்டுபவரின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. பின்னால் கேரியரிலும் முன்னால் பாரிலும் அமர்ந்து சென்ற குழந்தைகள், பெண்கள், முதியோர் ஆகியோர் அடைந்த காயங்களையும், அவற்றின் நீள்கால விளைவுகளையும், அவை பராமரிக்கப்பட்ட முறைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது. மருத்துவம் இக்காயங்களைச் சிறியவை என்றது. சட்டம் மோட்டார் அல்லாத ஊர்தி என்று விலக்கியது. மருத்துவமனைகளின் அமைவிடமோ புறநகர்வாசிகளின் தேவைக்கு ஏற்ப அமையவில்லை. இம்மூன்றின் விளைவாகப் பராமரிப்பின் சுமை குடும்பத்தின்மீது, குறிப்பாகப் பெண்கள்மீது இறங்கியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: மிதிவண்டி, கேரியர், ஆரக்கம்பிக் காயம், தாம்பரம், புனர்வாழ்வு, இழப்பீடு, பராமரிப்பு

முன்னுரை

அன்றாடப் பொருள்களின் வழியே சமூக வரலாற்றை எழுதும் முறை தமிழுக்குப் புதிதன்று. ஆ. இரா. வேங்கடாசலபதி காப்பியைக் கொண்டு தமிழ் நடுத்தர வர்க்கத்தின் பண்பாட்டு வரலாற்றை எழுதிக் காட்டினார். மிதிவண்டி, தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, அரிசி ஆலை ஆகியவற்றை முன்வைத்து, இந்தியாவில் நவீனத்துவம் சிறு இயந்திரங்களின் வழியாகவும் வந்தது என்பதை டேவிட் ஆர்னால்டு 2013இல் வெளியான தம் நூலில் நிறுவினார். தமிழ்நாட்டில் மிதிவண்டியைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பெண்கள் திரளாக மிதிவண்டி கற்ற நிகழ்வு நினைவுகூரப்படுகிறது. குரங்குப் பெடல் போட்டுக் கற்ற சிறுவனின் நினைவு கதைகளிலும் திரைப்படத்திலும் இடம்பெற்றுள்ளது.

இவை யாவும் ஓட்டுபவரைப் பற்றியவை. மிதிவண்டியில் பயணியாகச் செல்பவரைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற தனிச்சொல் இல்லை. 'பின்னால் உட்கார்ந்தவர்' என்றே சொல்கிறோம். இருவர் செல்வதைக் குறிக்கும் 'டபுள்ஸ்' என்ற சொல்லும் ஆளைக் குறிப்பதன்று. காவலர் தடுத்து நிறுத்திய குற்றத்தின் பெயராகவே அது மக்கள் நினைவில் நிற்கிறது. பெயரில்லாத இப்பயணி அடைந்த காயம் எங்கே பதிவாயிற்று, யாரால் பராமரிக்கப்பட்டது என்னும் வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. இதற்குச் சட்டங்கள், நிறுவனங்களின் வரலாறு, மருத்துவ ஆய்வெழுத்து, புறநகரின் நிலவியல் ஆகியவை சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

இருப்புப்பாதையும் மிதிவண்டியும்

சென்னைக் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மின்தொடர்வண்டிச் சேவை 1931இல் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் ஜார்ஜ் டவுனிலிருந்து தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்தது. குரோம் தோல் தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. விடுதலைக்குப் பின் வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை எழுந்தது. தாம்பரம் சானடோரியம் பகுதியில் 1984இல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கப்பெற்றபின் பெண் தொழிலாளர் பெருமளவில் இச்சாலைக்கு வரலாயினர்.

இந்த வளர்ச்சி முழுவதும் ஒரு நேர்கோட்டில் அமைந்தது. பெருந்தெற்குச் சாலை எனப்படும் ஜி.எஸ்.டி. சாலையும் இருப்புப்பாதையும் அடுத்தடுத்துச் செல்ல, குடியிருப்புகள் இருபுறமும் உள்ளே விரிந்தன. சேலையூர், மாடம்பாக்கம், சிட்லபாக்கம், பம்மல், அனகாபுத்தூர், திருநீர்மலை ஆகிய ஊர்களிலிருந்து நிலையத்தை அடையச் சில கிலோமீட்டர் செல்ல வேண்டும். நடப்பதற்கு அது நீண்ட தொலைவு. உட்தெருக்களில் பேருந்தும் அரிது. அந்த இடைவெளியை நிரப்பியது மிதிவண்டியே. நிலையத்தருகே மிதிவண்டி நிறுத்துமிடமும், தெருமுனையில் வாடகைச் சைக்கிள் கடையும் இப்பகுதியின் அடையாளங்களாயின.

அம்பத்தூரில் முருகப்பா குழுமம் பிரித்தானிய நிறுவனத்துடன் இணைந்து 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தபின், ஹெர்குலிஸ் போன்ற வண்டிகள் உள்நாட்டிலேயே உருவாகித் தொழிலாளர் வீடுகளை எட்டின. குடும்பத்துக்கு ஒரு வண்டி என்பதே அக்கால நிலை. ஆகவே ஒரு வண்டி ஒருவரை மட்டும் சுமந்ததில்லை. காலையில் தந்தை நிலையம் செல்லும் வழியில் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவார். மாலையில் கருவுற்ற மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் செல்வார். ஞாயிறன்று பாரில் ஒரு பிள்ளையும் கேரியரில் மனைவியும் அவர் மடியில் கைக்குழந்தையுமாகக் கோயிலுக்குப் போவார். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் இந்தியக் குடும்பங்களில் 44.8 விழுக்காட்டினர் மிதிவண்டி வைத்திருந்தனர். மோட்டார் இருசக்கர வாகனம் வைத்திருந்தோர் 21 விழுக்காட்டினரே.

இவ்வாறு சுமந்த வண்டியின் வடிவமைப்பைக் கருத வேண்டும். கேரியர் சரக்குக்கென அமைந்த இரும்புத் தட்டு. அதில் கைப்பிடியில்லை, கால் வைக்கும் இடமில்லை, முதுகுச் சாய்வில்லை. பெரியவர் காலைத் தொங்கவிட்டுச் சமாளிப்பார். மூன்று வயதுக் குழந்தையின் கால் சரியாகப் பின்சக்கரத்தின் நடுவுயரத்தில் தொங்கும். கேரியரில் அமர்த்தப்பட்ட குழந்தையை அந்த இயந்திரமே ஆபத்தில் வைத்தது எனலாம்.

காயத்தின் இயல்பு

மிதிவண்டிப் பயணியர் அடையும் காயங்களை மூவகையாகப் பகுக்கலாம். சக்கரத்தின் ஆரக்கம்பிகளில் கால் சிக்குதல் முதல் வகை. ஒருபுறமாக அமர்ந்து செல்பவர் வண்டி குலுங்கும்போதோ புடவைத் தலைப்பு சக்கரத்தில் சுற்றும்போதோ விழுதல் இரண்டாம் வகை. மோட்டார் ஊர்தி மோதுதல் மூன்றாம் வகை. நீள்கால விளைவு, சிகிச்சை, சட்டநிலை ஆகிய மூன்றிலும் இவை வேறுபடுகின்றன.

முதல் வகையே குழந்தைகளிடம் மிகுதி. பழைய மரபிலான ரோட்ஸ்டர் வண்டியின் பின்சக்கரத்தில் 40 ஆரக்கம்பிகள் உண்டு. மணிக்கு 12 கிலோமீட்டர் என்னும் மெதுவான வேகத்திலும் அச்சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைச் சுற்றுச் சுழலும். அதாவது ஒரு புள்ளியை நொடிக்கு 60 கம்பிகள் கடக்கும். அந்த இடத்தில் நுழைந்த பாதத்தைக் கம்பிகள் முன்னிழுத்துப் பின்புறச் சட்டக்குழாயோடு அழுத்துகின்றன. அமெரிக்க மருத்துவர்களான இசான்ட், ராத்மேன், பிராங்கல் ஆகியோர் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை விளக்கினர். கம்பி கத்திபோல் தோலைக் கிழிக்கிறது. சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் இடையே திசு நசுங்குகிறது. இரண்டின் இழுவையால் தோல் அடித்திசுவிலிருந்து பிரிகிறது. இக்காயம் சிறியதெனக் குறைத்து மதிப்பிடப்படுவதை அக்கட்டுரை தன் தலைப்பிலேயே சுட்டியது.

இம்மூன்றாவது கூறே ஏமாற்றும் தன்மையுடையது. முதல் நாள் குதிகாலின் மேற்புறத்தில் ஒரு கிழிசலும் வீக்கமும் மட்டும் தெரியும். ஊடுகதிர்ப்படத்தில் எலும்பு முறிவு இல்லாமலிருக்கலாம். கழுவி, தையலிட்டு, ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவர். இரத்த ஓட்டம் அறுபட்ட தோல் அடுத்த சில நாள்களில் கறுக்கத் தொடங்கும். இறுக்கித் தைத்த தையல் அதனை மேலும் கெடுக்கும். இறந்த தோலை நீக்கியபின் குதிகால் தசைநாண் வெளித்தெரியும் நிலையும் உண்டு. பின்னர்த் தோல் ஒட்டு, வாரக்கணக்கில் கட்டு மாற்றல், நடை பழக்கல் என நாள்கள் நீளும். முதல் நாளில் வேண்டுவன தையல் அவசரமின்மை, காலை உயர்த்தி வைத்தல், அசையாமல் தாங்குகட்டு, சில நாள் கண்காணிப்பு ஆகியவையே. செலவு மிகாத இச்சிகிச்சைக்கு, இது காத்திருந்து பார்க்க வேண்டிய காயம் என்ற அறிதல் முதலில் தேவை.

நீள்கால விளைவுகளும் இதிலிருந்தே தோன்றுகின்றன. தழும்பு சுருங்கினால் குதிகால் தரையில் படியாது நுனிக்கால் நடை நிலைக்கும். தழும்பேறிய தோலில் செருப்பின் வார் உரசி ஆண்டுகள் கழிந்தும் புண் திறக்கும். அரிதாகக் கணுக்காலின் வளர்தகடு பழுதுற்றால் வளரும் பருவத்தில் கால் ஒருபுறம் சாயும். அது காயம்பட்ட ஆண்டில் தெரியாது, சில ஆண்டுகளின் பின்னரே தெரியும். எனவே குழந்தையின் வளர்ச்சி முடியும்வரை அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும்.

கேரியரிலிருந்து பின்னோக்கி விழுபவரின் தலை முதலில் தரையைத் தொடுகிறது. தலைக்காயத்தில் உயிர் பிழைத்தவருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழிந்து வலிப்பு வரலாம், நினைவாற்றல் குறையலாம், சினம் மிகலாம். பழைய விழுதலோடு தொடர்புபடுத்தப்படாமல் இவை பேய் பிடித்தல் என்றோ குணக்கேடு என்றோ விளங்கிக்கொள்ளப்படும் வாய்ப்பு மிகுதி. முதிய பெண்களுக்கு இடுப்பெலும்பு முறிவு நேரின் அது நடமாட்டத்தின் முடிவாகவும் ஆகிவிடும்.

தமிழில் இக்காயத்தைச் சொல்லும் முறையும் கருதத்தக்கது. 'குழந்தை சக்கரத்தில் காலை விட்டுவிட்டான்' என்பதே வழக்கு. கால் சிக்கியது என்றோ, சக்கரம் இழுத்தது என்றோ சொல்வது குறைவு. செயலின் முதல்வனாகக் குழந்தையே நிறுத்தப்படுகிறான். இயந்திரத்தின் குறையையும் ஓட்டியவரின் பொறுப்பையும் வழக்குச்சொல்லே நீக்கிவிடுகிறது. ஓட்டியவர் பெரும்பாலும் தந்தையோ அண்ணனோ மாமனோ ஆதலின், குடும்பத்துள் குற்றம் சுமத்தலைத் தவிர்க்கும் ஏற்பாடாகவும் இவ்வழக்கைக் கொள்ளலாம். ஆயினும் குற்றம் முழுவதும் காயம்பட்ட குழந்தையின்மேல் தங்கிவிடுகிறது.

பிறருக்காக அமைந்த மருத்துவமனைகள்

தாம்பரம் மருத்துவமனைகளில்லாத பகுதியன்று. டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து 1928இல் இங்குக் காசநோய் மருத்துவமனையை நிறுவினார். 1937இல் அரசு அதனை ஏற்றது. ஓர் இரயில் நிலையமும் ஒரு வட்டாரமும் 'சானடோரியம்' என்றே பெயர் பெறும் அளவுக்கு அது வளர்ந்தது. மேலும் தெற்கே செங்கல்பட்டை அடுத்த திருமணியில் தொழுநோயாளர்க்கான மருத்துவமனை இருந்தது. 1955இல் அது மைய அரசின் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாயிற்று. 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் நாடெங்கிலுமிருந்து வந்து சேர்ந்ததும் தாம்பரம் சானடோரியத்துக்கே.

இவற்றிடையே ஓர் ஒழுங்கு காணப்படுகிறது. நகரம் தன்னிடமிருந்து தள்ளிவைக்க விரும்பிய நோய்களுக்கு இடமளித்த பகுதியாகத் தென்புறநகர் அமைந்தது. தூய காற்றும் தொலைவும் அதற்குரிய காரணங்களாக இருந்தன. படுக்கைகள் பல இருந்தும் அவை இப்பகுதியில் வாழ்ந்தோரின் அன்றாடக் காயங்களுக்காக அமைந்தவை அல்ல. சானடோரியத்தின் மதிலை ஒட்டிய தெருவில் கால் சிக்கிய குழந்தையையும் வேறெங்கோதான் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது.

அந்த வேறிடங்கள் இருப்புப்பாதையின் மறுமுனையில் இருந்தன. பூங்கா நிலையத்தில் இறங்கினால் அரசுப் பொது மருத்துவமனை; எழும்பூரில் இறங்கினால் குழந்தைகள் மருத்துவமனை. தெற்கே சென்றால் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை தாலுகா நிலையில் முதலுதவியையும் பொதுச் சிகிச்சையையும் அளித்தது. தோல் ஒட்டு, தசைநாண் சீரமைப்பு, தலைக்காயம் ஆகியவற்றுக்குப் புறநகர் மின்வண்டியே நோயாளர் ஊர்தியாயிற்று. ஒருமுறை செல்வது அரிதன்று. கட்டு மாற்ற ஒருநாள் விட்டு ஒருநாள் செல்வதே அரிது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடைமேம்பாலம் ஏறி இறங்கி, புறநோயாளர் வரிசையில் நின்று, திரும்பும்போது பிற்பகலாகிவிடும். உடன் செல்பவரின் அன்றைய கூலி போய்விடும். சிகிச்சை இலவசமாயினும் சிகிச்சைக்குச் செல்வது இலவசமன்று.

நகரத்தில் இதே காலத்தில் சிறப்பு மருத்துவம் வளர்ந்தது. டாக்டர் பா. இராமமூர்த்தி 1950இல் அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை மருத்துவத்தைத் தொடங்கினார். ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவை மருத்துவத்துக்கும் ஒட்டுறுப்பு அறுவைக்கும் தனித்துறை கண்டார். தொழிற்கூடங்களில் விரலும் கையும் இழந்தோர்க்கு அது புகலிடமாயிற்று. இவை உயிரையும் உறுப்பையும் காத்த சாதனைகள். பிழைத்தபின் எப்படி வாழ்வது என்னும் வினா இவற்றிலிருந்து வேறானது.

அவ்வினாவைத் தமிழ்நாட்டில் முன்வைத்தவர் தாமே சாலை விபத்தில் காயமுற்ற ஒரு பயணி என்பது குறிப்பிடத்தக்கது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஊர்தி கவிழ்ந்து முதுகுத்தண்டு பழுதுற்று இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். அயல்நாடுகளில் புனர்வாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966இல் வேலூரில் தங்கிச் சிகிச்சை பெறும் புனர்வாழ்வு நிலையம் அமைந்தது. படுக்கைப்புண் தவிர்த்தல், சிறுநீர்ப்பை பராமரிப்பு, தொழிற்பயிற்சி, வீட்டைத் திருத்தி அமைத்தல் ஆகியவை மருத்துவத்தின் பகுதியே என்னும் கருத்து அங்கு வேரூன்றியது. ஜி.எஸ்.டி. சாலையில் லாரி மோதி முதுகுத்தண்டு முறிந்த ஒருவருக்கு இத்தகைய பராமரிப்பு நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. சென்னை கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவமனை அமைந்தபின் செயற்கைக் கால், தாங்கி, இயன்முறை மருத்துவம் ஆகியவை ஓரளவு அணித்தாயின. 2005இல் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் தோன்றியது. இவற்றை நாடிச் செல்வோர் கடுமையான ஊனமுற்றோரே. தழும்பு சுருங்கிய கணுக்காலுடன் ஒரு சிறுமி இவ்வாயிலுக்கு அனுப்பப்படுவது அரிது.

கட்டுப்போடுதல்

மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இடத்தில் எலும்பு முறிவு வைத்தியசாலைகள் இருந்தன. ஆந்திரத்தின் சித்தூர் வட்டாரத்துப் புத்தூரைத் தாயகமாகக் கொண்ட 'புத்தூர் கட்டு' என்னும் பெயர்ப்பலகை சென்னையின் புறநகர்த் தெருக்களில் பரவலாகக் காணப்படுவது. மூங்கில் தப்பை, முட்டை வெண்கரு, மூலிகைப் பற்று ஆகியவற்றால் கட்டும் முறை அது.

மக்கள் இதனை நாடியதை அறியாமை என ஒதுக்குவது வரலாற்றுப் பார்வையாகாது. வைத்தியசாலை அருகில் இருந்தது, மாலையிலும் திறந்திருந்தது, அறுவை, மயக்கமருந்து, சேர்க்கை ஆகியவற்றின் அச்சம் இல்லை, கட்டணம் முன்னரே தெரிந்தது, கட்டியவுடன் வீடு திரும்பலாம். மூடிய எளிய முறிவுகள் பல இயல்பாகவே கூடும் தன்மையுடையன ஆதலின் இம்முறைக்கு நற்பெயரும் இருந்தது. ஆயினும் ஆரக்கம்பிக் காயம் முதன்மையாகத் தோலின் காயம். வீங்கும் காலை இறுகக் கட்டினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுத் தசை அழியும். மூடிய பற்றின் அடியில் தோல் கறுப்பதும் சீழ் கட்டுவதும் தெரியாது. காத்திருந்து பார்க்க வேண்டிய காயத்தைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுவதே இங்குக் கட்டின் தீங்கு.

தாம்பரம் சானடோரியம் பகுதியில் 2005இல் தொடங்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் வர்மம் உள்ளிட்டவற்றைக் கையாளும் சிறப்பு மருத்துவத் துறை உண்டு. காயம் ஆறியபின் எஞ்சும் விறைப்புக்கும் வலிக்கும் எண்ணெய்த் தொக்கணமும் ஒற்றடமும் நாடி வருவோருக்கு மரபு மருத்துவத்தின் முறையான வாயில் ஒன்று இப்பகுதியிலேயே அமைந்தது. முதல்நாள் காயத்துக்கும் ஆண்டு கடந்த விறைப்புக்கும் ஏற்ற சிகிச்சைகள் வேறு வேறு என்னும் தெளிவு இருப்பின் இருவகை மருத்துவமும் துணைநிற்கக் கூடியன.

சட்டத்தின் பார்வையில் பயணி

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்யப்பெற்ற திருத்தம் இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி வகுத்தது. 1982 திருத்தம் குற்றம் யாருடையது என மெய்ப்பிக்காமலே ஒரு தொகை பெறும் உரிமையைச் சேர்த்தது: இறப்புக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வுரிமையைத் தொடர்ந்தது. 1994இல் தொகை முறையே 50,000, 25,000 ரூபாயாக உயர்ந்தது.

இவை யாவும் இயந்திர ஆற்றலால் இயங்கும் ஊர்தி விபத்தில் பங்குகொண்டால் மட்டுமே பொருந்துவன. மேற்கூறிய மூன்றாம் வகைக் காயமுற்றவர் தீர்ப்பாயத்தை அணுகலாம். முதல் இரு வகையினருக்கு அவ்வாயில் இல்லை. இதில் ஒரு முரண் உண்டு. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவு பொதுவழியில் எந்த ஊர்தியையும் கவனமின்றி ஓட்டுதலைக் குற்றமாக்கியது. அதன்படி மிதிவண்டியும் ஊர்தியே. தண்டிப்பதற்கு ஊர்தியாக இருந்த மிதிவண்டி, ஈடு செய்வதற்கு ஊர்தியாக இல்லை. ஓட்டியவர் தந்தையாக இருக்கும்போது தண்டனைச் சட்டத்தை நாடுவோரும் இல்லை. வழக்கில்லையெனின் முதல் தகவல் அறிக்கை இல்லை. அறிக்கையில்லையெனின் சாலை விபத்துக் கணக்கில் அக்குழந்தை இல்லை.

தொழிலாளர் காப்பீட்டிலும் இதே நிலை நெடுங்காலம் நீடித்தது. தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் 1948இல் இயற்றப்பெற்றது. வீட்டிலிருந்து பணியிடம் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் பணிக்காயமாகக் கொள்ளும் 51இ பிரிவு 2010ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. அதன் பயன் காப்பீடு செய்யப்பெற்ற தொழிலாளிக்கே உரியது. அவர் வழியில் இறக்கிவிடும் பிள்ளைக்கு அன்று.

தடுப்பு விதிகளிலும் இவ்வேறுபாடு தெளிவு. 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி, மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்பவருக்குக் கைப்பிடியும் கால்தாங்கியும் வேண்டும் என்றும், உடை சிக்காதவாறு பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு வேண்டும் என்றும் கூறுகிறது. நாம் 'சேலை கார்டு' எனக் குறிப்பிடுவது அதனையே. 2022இல் அறிவிக்கப்பெற்ற விதி நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பாதுகாப்புப் பட்டையையும் தலைக்கவசத்தையும் கட்டாயமாக்கியது. மோட்டார் சைக்கிளில் செல்லும் குழந்தைக்கு மிதிவண்டித் தலைக்கவசத்தையும் அணிவிக்கலாம் என அது இசைகிறது. மிதிவண்டியில் செல்லும் குழந்தையைப் பற்றி அவ்விதி பேசவில்லை. நெதர்லாந்தின் போக்குவரத்து விதி, எட்டு வயதுக்குட்பட்டவரை மிதிவண்டியில் ஏற்றினால் முதுகு, கை, கால் ஆகியவற்றுக்குத் தக்க தாங்கலுள்ள இருக்கையில் அமர்த்த வேண்டும் என்கிறது. நம் சந்தையிலும் பாரில் பொருத்தும் சிறு இருக்கை கிடைத்தது. பெண்களுக்கான வண்டிகளில் சக்கர வலையும் வந்தது. எனினும் இவை வாங்குபவரின் விருப்பமாகவே விடப்பட்டன.

வீடு என்னும் பராமரிப்பிடம்

நிறுவனங்கள் விட்ட இடத்தை வீடு ஏற்றது. கட்டு நனையாமல் குளிப்பாட்டுதல், இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்துதல், கழிப்பிடத்துக்குத் தூக்கிச் செல்லுதல், வலியால் மறுக்கும் குழந்தையைச் சுவரைப் பிடித்து நடக்கப் பழக்குதல் ஆகியவை தாயின், பாட்டியின், மூத்த மகளின் வேலைகளாயின. ஏற்றுமதி மண்டலத்திலோ தோல் தொழிலிலோ வேலைசெய்த பெண்ணுக்கு இது விடுப்பெடுக்க வேண்டிய காரணம். விடுப்பு மிகுந்தால் வேலையை இழக்கும் காரணமும்கூட. இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சியை நாள்தோறும் செய்விப்பவரே இல்லாவிட்டால் சிறந்த அறுவையும் பயனிழக்கும். எனவே இவ்வுழைப்பைச் சிகிச்சையின் இறுதிப் பாதி எனக் கொள்வதே பொருந்தும்.

இங்கு அரசின் மற்றொரு தலையீடு நன்மை செய்தது. இரணஜன்னி, சாலைப் புழுதி படிந்த எந்தக் காயத்தையும் உயிர்க்கொல்லியாக்க வல்லது. 1985இல் தொடங்கிய அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமும், அடிபட்டால் 'டி.டி. ஊசி' என்னும் வழக்கமும் அந்த அச்சத்தைப் பெரிதும் நீக்கின.

சமூக விளைவுகள் காயத்தைவிட நீண்டவை. பெண் குழந்தையின் சிறு நொண்டலும் திருமணப் பேச்சில் குறையாக எண்ணப்படும். மறுபுறம், ஊனச் சான்றிதழின் பயன்களில் பெரும்பாலானவை 40 விழுக்காட்டுக்குக் குறையாத ஊனத்துக்கே உரியன. 1995ஆம் ஆண்டுச் சட்டமும் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் இவ்வெல்லையைக் கொண்டுள்ளன. கணுக்கால் விறைப்பு மட்டும் உள்ள ஒருவர் அதனை எட்டுவது எளிதன்று. சமூகத்தின் கண்ணுக்கு ஊனமாகவும் சட்டத்தின் அளவுக்கு ஊனமற்றதாகவும் இருக்கும் இந்நிலை இக்காயத்தின் தனிக்கூறு.

அண்மைக்கால மாற்றங்கள்

தமிழ்நாட்டில் 2001–02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவியர்க்குத் தொடங்கிய விலையில்லா மிதிவண்டித் திட்டம் 2005–06இல் பதினொன்றாம் வகுப்பு மாணவர் அனைவருக்கும் விரிந்தது. கேரியரில் அமர்ந்து சென்ற பெண் ஓட்டுநரானாள் என்பது இதன் பொருள். அவள் பின்னால் தம்பியோ தங்கையோ அமர்ந்தனர் என்பதும் உண்மை. வண்டி வழங்கிய திட்டம் பயணியையும் கருதியிருப்பின் கால்தாங்கியும் சக்கர வலையும் பெருஞ்செலவின்றிச் சேர்ந்திருக்கும்.

அவசரச் சிகிச்சையில் பெரும் முன்னேற்றம் நிகழ்ந்துள்ளது. 2008இல் 108 ஊர்திச் சேவை வந்தது. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பெற்ற 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சையை, தொடக்கத்தில் 1 இலட்சம் ரூபாய் வரை, கட்டணமின்றி அளித்தது. ஜி.எஸ்.டி. சாலையில் உயிர் காக்கும் திட்டம் இது என்பதில் ஐயமில்லை.

எனினும் 48 மணிநேரம் என்னும் அளவு உயிர்பிழைத்தலின் அளவு. ஆரக்கம்பிக் காயத்தில் தோலின் அழிவு தெளிவாகத் தெரிவதே அதற்குப் பின்னர்தான். தலைக்காயத்தின் வலிப்பும் வளர்தகட்டின் சாய்வும் மாதங்களும் ஆண்டுகளும் கழிந்து வருவன. இந்நோக்கில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் கூடுதல் கவனத்துக்குரியது. வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சி அளிக்கும் கூறு அதில் உண்டு. இரு திட்டங்களையும் இணைக்கும் வழி அமைந்தால், மருத்துவமனை விட்ட இடத்திலிருந்து வீடு தனித்துச் சுமக்கும் நிலை மாறும்.

முடிவுரை

தென்சென்னைப் புறநகரின் வளர்ச்சியை இருப்புப்பாதை, தொழிற்சாலை, கல்லூரி ஆகியவற்றின் வரலாறாக எழுதுவது வழக்கம். அவற்றுக்கும் வீட்டுக்கும் இடையிலான சில கிலோமீட்டரைக் கடக்கப் பல குடும்பங்கள் தம் உடலால் விலை கொடுத்தன. அவ்விலையைக் கொடுத்தவர் பெரும்பாலும் வண்டியின் கைப்பிடியைப் பிடித்திராத குழந்தைகளும் பெண்களும் முதியோருமே. காயம் சிறியதென மதிக்கப்பட்டது, வண்டி மோட்டார் அல்லாததாக இருந்தது, ஓட்டியவர் உறவினராக இருந்தார் ஆகிய காரணங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்தி இவர்களைப் பதிவிலிருந்து நீக்கின.

இதிலிருந்து மூன்று செயல்கள் புலப்படுகின்றன. அரசு மருத்துவமனைகளின் விபத்துப் பதிவேட்டில் ஊர்தியின் வகையோடு காயமுற்றவர் ஓட்டியவரா, பயணியா, எங்கே அமர்ந்திருந்தார் என்பதும் எழுதப்பட வேண்டும். ஆரக்கம்பியில் கால் சிக்கிய குழந்தை மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் கட்டாயம் பார்க்கப்பட வேண்டும். இது தாலுகா மருத்துவமனையிலும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இயலக்கூடியதே. குழந்தையை ஏற்றும் மிதிவண்டிக்குக் கால்தாங்கியும் சக்கரக் காப்பும் மோட்டார் சைக்கிளுக்கு உள்ளதுபோல் விதியாக வேண்டும். வரலாற்றாய்வாளருக்கும் இதில் ஒரு கடமை உண்டு. குதிகாலில் பழைய தழும்புள்ள முதியவர் பலர் இப்புறநகரில் இன்றும் வாழ்கின்றனர். அத்தழும்பு எந்த ஆண்டு, எந்தத் தெருவில், யார் ஓட்டிய வண்டியில் நேர்ந்தது, யார் தூக்கிச் சென்றார், எத்தனை நாள் பள்ளி போனது என்பவற்றை வாய்மொழி வரலாறாகத் தொகுப்பதற்குக் காலம் இன்னும் இருக்கிறது.